தெற்குத் தெருவுக்குப் போன நாய்கள்

நாம் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பழைய அறுவடைத் தகராறுகளில் போய்த்தான் நிற்கிறது. யார் வயலில் யார் கொடி நட்டார்கள், எந்த ஊரில் யார் ஜெயிலுக்குப் போனார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நான் வாயைத் திறந்தால் மட்டும், இவள் நாய்க் கதை சொல்லப் போகிறாள் என்று சிரிப்பு. சிரியுங்கள். எனக்கு அந்தத் தை மாதம் நாய் வாசனையோடுதான் நினைவுக்கு வருகிறது. வேப்பெண்ணெய், புளித்த மோர், ஈர வைக்கோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, கோரையாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் நெல் வயல், நடுவில் நாலடி மேடாக ஒரு திடல். திடலில் பத்துப் பன்னிரண்டு தென்னை, ஒரு புளியமரம், ஓலை வேய்ந்த நீளமான கொட்டில். அங்கேதான் எங்கள் வீட்டுக் கன்னி நாய்கள் இருந்தன.

கன்னி நாயைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒல்லி உடம்பு, ஆழமான நெஞ்சு, முதுகோடு ஒட்டிய வயிறு. கறுப்பு மேனியில் கால்களும் முகவாயும் செம்பழுப்பு. கண்ணுக்கு மேலே பொட்டு வைத்த மாதிரி பக்கத்துக்கு ஒரு புள்ளி. அது கரிசல் காட்டு நாய், முயல் விரட்டப் பிறந்தது. சேறும் தண்ணீருமான எங்கள் சீமையில் அதற்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை.

உழவு மாடு பிடிக்கத் தெற்கே ஒரு சந்தைக்குப் போன அப்பாவின் அப்பா, மாட்டை விட்டுவிட்டு ஒரு ஜோடி நாய்க்குட்டிகளோடு திரும்பி வந்தாராம். குட்டிகளைக் கொடுத்த கரிசல் காட்டுக்காரர், இதுகளை விற்கக்கூடாது, பிடித்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கையடித்து வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கை எங்கள் வீட்டில் யாரும் மீறவில்லை. அதிராம்பட்டினத்துத் தேங்காய் வியாபாரி ஒருவருக்கும் நாகப்பட்டினத்து டாக்டர் ஒருவருக்கும் எங்கள் குட்டிகள் போயிருந்தன. தாத்தா தஞ்சாவூர், திருச்சி என்று நாய்க் கண்காட்சிகளுக்குப் போய் வாங்கி வந்த கோப்பைகள் கூடத்துக் கண்ணாடி பீரோவில் வரிசையாக நின்றன. எங்கள் குடும்பத்துக்கே நாய்க்கொட்டில் வீடு என்றுதான் பெயர்.

நான் பார்த்த காலத்தில் கொட்டில் அத்தையின் கையில் இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பதினாறு வயதில் கல்யாணமாகிப் போய், பதினெட்டில் கணவரை இழந்து திரும்பி வந்தவள். சாகும் முன் தாத்தா திடலையும் கொட்டிலையும் அவள் பெயருக்கு உயில் எழுதிவிட்டார். அவள் புடவைக்கு மேலே தாத்தாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு விடியும்போதே திடலுக்குப் போய்விடுவாள். நடவு நடும் பெண்கள் அப்படிப் போடுவார்கள், மிராசு வீட்டுப் பெண் போடலாமா என்று அம்மாவுக்கு வருத்தம். நாய்ப் பைத்தியம் என்று ஊர் சொன்னது. அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெல் கொழிக்கும் ஊரில் அவள் தன் நாய்களுக்கு அரிசிச் சோறு போட மாட்டாள். அரிசி தின்றால் நாய் ஊதிப்போகும் என்பாள். புதுக்கோட்டைப் பக்கமிருந்து கம்பும் கேழ்வரகும் மூட்டையாக வரும். களி கிண்டி, மோர் ஊற்றிப் பிசைந்து, பலாமரத்தில் குடைந்த தொட்டியில் போடுவாள். ஏழு நாய்களும் வரிசையில் நின்று, அவள் நாக்கைச் சொடுக்கிய பிறகுதான் வாய் வைக்கும். மழைக்காலத்தில் சேற்றுப் புண் வராமல் இருக்க ஒவ்வொரு பாதத்தையும் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவ வேண்டும். இருபத்தெட்டுப் பாதம். நானும் பிடித்திருக்கிறேன். அந்தப் பலாமரத் தொட்டி எங்கே போயிற்று என்று இன்று யாருக்கும் தெரியவில்லை.

கோடையில், அறுப்பு முடிந்து வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதுதான் நாய்களுக்குத் திருவிழா. அத்தை அவற்றை அவிழ்த்துவிடுவாள். கொடி என்று ஒரு பெண் நாய். அது ஓடுவதைப் பார்க்க வண்டிக்காரர்கள் ரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். நான்கு காலும் ஒரே சமயம் மேலே இருக்கும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் அது அம்மாதிரியே நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றும்.

நாய்களைப் பழக்கியவர் அத்தை மட்டுமல்ல. கூலிக்காரர்கள் குடியிருந்த தெற்குத் தெருவிலிருந்து ஒருவர் வருவார். நாங்கள் நாய்க்காரர் என்போம். எங்கள் வயல்களில் வேலை பார்த்த குடும்பம் அது. அவருடைய அப்பா தாத்தாவுக்கு நாய் பார்த்தவர். குட்டி பிறந்த நாளிலிருந்து எந்தக் குட்டி எப்படி ஓடும் என்று அவர் சொன்னால் அப்படியே இருக்கும். அதிகம் பேச மாட்டார். நாய்களும் அவரும் ஒரே மாதிரி, தலையைச் சற்றுச் சாய்த்து, நாம் சொல்வதைக் கேட்பார்கள்.

அந்த நாட்களில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. ஆட்சி மாறியிருந்தது. ஆண்டே என்ற வார்த்தை தெற்குத் தெருவில் மறைந்து, ஐயா என்ற வார்த்தை வந்திருந்தது. முச்சந்தியில் கறுப்பு சிவப்புக் கொடி ஒன்றும், கொஞ்சம் தள்ளிச் செங்கொடி ஒன்றும் பறந்தன. நில உச்சவரம்பு வருகிறது என்று அப்பா நிலங்களைப் பிரித்துப் பிரித்து எழுதினார். பதினோரு வயதில் என் பெயரில் கூட நஞ்சை இருந்தது. எங்கள் வீட்டு நாய்களின் பெயரிலும் பட்டா இருக்கிறதென்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

அந்தத் தை மாதம் பொங்கல் விடுமுறைக்கு மன்னார்குடி ஹாஸ்டலிலிருந்து நான் வீட்டுக்கு வந்திருந்தேன். சம்பா கதிர் சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று சங்கம் சொல்லிவிட்டது. மிராசுதாரர்கள் முடியாது என்றார்கள். தெற்குத் தெருவில் பத்து நாளாக அடுப்பு சரியாக எரியவில்லை. நாய்க்காரர் சங்கத்தில் இருந்தாலும், நாய் என்ன பாவம் செய்தது என்று தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பா அதையும் தடுத்தார். சங்கத்து ஆள் என் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து கொடி சரியாகத் தின்னவில்லை.

ஒரு நாள் காலைப் பலகாரத்தின்போது மேலத்தெரு மிராசுதார் வந்தார். மறுநாள் வெளியூர் ஆட்கள் லாரியில் இறங்குகிறார்கள், எங்கள் வயலில்தான் அறுப்பைத் தொடங்குவது, போலீசும் வரும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே, நாய்களையும் வரப்பில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். அப்பா இட்டிலியைப் பிட்டபடியே தலையாட்டினார்.

அத்தை சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"நாய் எதுக்கு?"

"காவலுக்குத்தான்," என்றார் அப்பா.

"கன்னி காவல் காக்காது. ஓடுறத வெரட்டிப் புடிக்கும். அதுக்கு மொயலும் ஒண்ணுதான், மனுஷனும் ஒண்ணுதான்."

மேலத்தெரு மிராசுதார் காப்பியைக் கீழே வைத்தார். "அதாம்மா வேணும்," என்றார்.

அத்தை காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் எல்லோரும் படுத்திருந்த நேரம். திடலுக்கு வா என்று அத்தை என்னைக் கூப்பிட்டாள். கொட்டிலில் ஏழு நாய்க்கும் கழுத்துப் பட்டை மாட்டியிருந்தது. முத்துப்பேட்டைச் செருப்புத் தைப்பவர் தைத்துக் கொடுத்த தோல் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை வளையம். இரண்டு நாயின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். ஐந்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"நாய்க்காரன் வீட்டுக்கு."

வாய்க்கால் கரையோடு நடந்தோம். நல்ல வெயில். இரண்டு பக்கமும் அறுக்காத நெல் மணி உதிரக் காத்திருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தெற்குத் தெருவுக்குள் போனதில்லை. நான் அந்தத் தெருவின் முனையைக் கூடப் பார்த்ததில்லை. குடிசைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். முதலில் நாய்களைப் பார்த்துக் குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள். பிறகு கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். என் கை வேர்த்து, கயிறு வழுக்கியது.

நாய்க்காரரைக் கண்டதும் கொடி என்னை நாலடி இழுத்துக்கொண்டு போய் அவர் காலில் விழுந்தது. அவர் குனிந்து அதன் காதைத் தடவியபடியே அத்தையைப் பார்த்தார்.

"நாளைக்கு இதுங்கள வயலுக்குக் கொண்டுபோறாங்க," என்றாள் அத்தை. "உங்க ஆளுங்க மேல விடப் போறாங்க. என்கிட்ட இருந்தா புடுங்கிக்குவாங்க. நீயே வச்சுக்க. அஞ்சு நாளைக்கோ பத்து நாளைக்கோ இல்ல. உனக்கே குடுத்துட்டேன்."

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "சோறில்லாத தெரும்மா இது," என்றார் கடைசியில்.

அவருடைய மனைவி பின்னாலிருந்து முன்னால் வந்து, அத்தையின் கையிலிருந்த ஐந்து கயிறுகளையும் வாங்கிக்கொண்டாள். "நாங்க குடிக்கிற கஞ்சியில ஒரு வாய் குடிச்சிட்டுப் போவுது," என்றாள்.

அத்தை அங்கேயே நின்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வயதுச் சாட்சி எதற்கும் செல்லாது என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மறுநாள் காலை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். லாரி வந்தது, போலீஸ் வந்தது. தெற்குத் தெருவிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் செங்கொடியோடு வந்து வயல் வரப்பில் உட்கார்ந்தார்கள். அப்பாவும் மேலத்தெரு மிராசுதாரும் திடலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வருவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தடியடி. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். வரப்பில் ஓடினார்கள், சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி ஓடினாள். நெல்லுக்குள் அந்தப் பிள்ளையின் தலை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கொடி ஓடி நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தூரத்தை எத்தனை பாய்ச்சலில் கடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் நாய் இல்லை. கீழே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நாய்களைத் திருடிவிட்டார் என்று அன்று சாயங்காலமே நாய்க்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புகாரில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. செய்தி கேட்டதும் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து உயிலின் நகலை எடுத்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு, வில்வண்டியைப் பூட்டச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போனாள். நாய்க்காரர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அங்கிருந்த அதிகாரி, குடும்பத்துப் பெண்கள் இங்கெல்லாம் வரலாமா, வீட்டுக்குப் போங்கள் என்றார். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உயிலை விரித்து, மேற்படி திடலும் அதிலுள்ள மாவடை மரவடை ஜீவராசிகளும் என்ற வரியில் விரலை வைத்தாள்.

"ஜீவராசின்னா நாய்தான். என் நாய். நான்தான் குடுத்தேன். திருட்டு எங்க இருக்கு?"

"உங்க தம்பிதாம்மா எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்ப பொய்ப் புகார் குடுத்ததுக்கு அவனக் கூப்பிட்டு உக்கார வைங்க. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

அவர் உயிலை மறுபடி படித்தார். வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வண்டியில் திரும்பும்போது நாய்க்காரர் எங்களோடு வந்தார். வண்டிக்குள் ஏற மாட்டேன் என்று பின்னாலேயே நடந்தார். அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மூன்று பேரும் நடந்தே வந்தோம், வெற்று வண்டி எங்களுக்கு முன்னால் போயிற்று.

நாய்களுக்காக அவள் தம்பியையே காட்டிக்கொடுத்தாள் என்று உறவெல்லாம் பேசியது. பல வருஷம் நானும் அதை நம்பினேன். அவளுக்கு நாய்கள்தான் உலகம், மனிதர்கள் அதற்கப்புறம் என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்தப் பேச்சை அவள் மறுக்காததற்குக் காரணம் புரிகிறது. மனிதர்களுக்காகச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அவளை ஊரைவிட்டே விரட்டியிருப்பார்கள். பைத்தியம் என்ற பெயரை அவள் குடை மாதிரி பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் அதிகாரிகள் வந்து இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். கூலி கொஞ்சம் கூடியது, மீதி அறுவடையும் நடந்தது. அத்தை திடலுக்கே குடிபோனாள். அப்பா அவளோடு பேசவில்லை. நாய்களின் வம்சம் எழுதி வைத்திருந்த தாத்தாவின் நீள நோட்டை அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். இந்த நோட்டு இல்லாமல் இனி எந்தக் கண்காட்சியில் நிற்கிறாள் பார்ப்போம் என்று அம்மாவிடம் சொன்னார்.

தெற்குத் தெருவில் நாய்கள் இளைக்கவில்லை. பிள்ளைகள் வாய்க்காலில் நண்டும் நத்தையும் பிடித்துவந்து வேகவைத்துப் போட்டார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு வந்து, கொடியின் மேனி மினுமினுப்பை நான் கூட இப்படிக் கொண்டுவந்ததில்லை என்றாள்.

மாசி மாதம் திருச்சியில் கண்காட்சி. அந்த வார லீவுக்கு நான் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தேன். அதிராம்பட்டினத்துத் தேங்காய் வியாபாரி தன் வேனைக் கொடுத்தார். அங்கே இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று அத்தை என்னைக் கேட்டு அனுப்பினாள். அம்மா யோசித்தாள். "அவரு கேட்டா ஹாஸ்டலுக்குப் போயிட்டான்னு சொல்லிக்கிறேன். நீ போ," என்றாள். அம்மாவிடமிருந்து நான் எதிர்பார்க்காத வார்த்தை அது.

மைதானம் முழுக்க வெளிநாட்டு நாய்கள். புசுபுசுவென்று சீவிவிட்ட நாய்கள், மடியில் உட்காரும் நாய்கள். பதிவு மேஜையில் இருந்தவர் உரிமையாளர் பெயரைக் கேட்டார். அத்தை நாய்க்காரரின் பெயரை எழுதச் சொன்னாள். நான் எழுதினேன். அதற்குக் கீழே தாய் தகப்பன் விவரம், குறைந்தது மூன்று தலைமுறை. நோட்டு இல்லாமல் எப்படி என்று அத்தையைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் அவ்வளவு தூரம் நினைவில்லை.

நாய்க்காரர் மேஜைக்கு அருகில் வந்தார். "எழுதுங்க பாப்பா," என்று மெல்ல ஆரம்பித்தார். "கொடியோட ஆத்தா மின்னி. அவ வலது காதுல ஒரு வெட்டு உண்டு, முள்ளுவேலி கிழிச்சது. மின்னிக்கு ஆத்தா பவுனு. பவுனுக்கு ஆத்தா காத்தாயி, ஒரே ஈத்துல ஒம்பது போட்டா. அதுக்கு ஆத்தா சின்னவெள்ளச்சி. எங்கப்பன் மடியில செத்துச்சு அது." ஒவ்வொன்றுக்கும் தகப்பன் நாய் எது, எந்த மாசத்தில் பிறந்தது, யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டே போனார். சந்தையிலிருந்து வந்த முதல் ஜோடி வரை ஏழு தலைமுறை. எழுதப் படிக்கத் தெரியாதவர். பாரத்தில் இடம் போதாமல் பின்பக்கத்தில் எழுதினேன். மேஜைக்காரர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டைப் பூட்டிவிட்டால் கொட்டிலையே பூட்டியதாகும் என்று என் அப்பா நினைத்திருந்தார்.

வேட்டை நாய்கள் பிரிவு வந்தது. ஒலிபெருக்கியில் திரு என்று சேர்த்து அவருடைய பெயரை, தகப்பனார் முதலெழுத்தோடு, கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.

"உங்களத்தான் கூப்புடுறாங்க," என்றாள் அத்தை. "போங்க."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கொடியோடு வட்டத்துக்குள் போனார். நடுவராக வந்த பட்டாளத்துக்காரர் கொடியின் விலாவைத் தடவி, இதற்குச் சோறே போடுவதில்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஓடுற நாய்க்கு வெலா தெரியணுங்க," என்றார் அவர். "வேணும்னா ஓட விட்டுப் பாருங்க."

ஓடவிட்டார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முதல் பரிசு யாரோ எஸ்டேட்காரரின் வெளிநாட்டு நாய்க்குப் போயிற்று. கொடிக்கு இரண்டாவது. அதற்கும் ஒரு சின்னக் கோப்பை உண்டு.

மறுநாள் மத்தியானம் தெற்குத் தெருவில் வேன் நின்றது. அந்த வீட்டில் பீரோ இல்லை. நாய்க்காரரின் மனைவி கோப்பையை உறியில் மோர்ச்சட்டிக்கு மேலே வைத்தாள். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் உறியை இறக்கி இறக்கிக் காட்டினாள். அன்று அத்தையும் நானும் அங்கே நண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தை இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டாள்.

புறப்படும்போது அவர் வாய்க்கால் வரைக்கும் கூட வந்தார். திடலில் இப்போது ஒரு நாயும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். மதகுப் பலகையில் கால் வைத்த அத்தையிடம் அவர்தான் கேட்டார்.

"கொடி சித்திரை கடைசியில குட்டி போடும்மா. உங்களுக்கு எது வேணும்?"

அத்தை நின்றாள். தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"பொட்டக் குட்டியா ஒண்ணு குடுங்க," என்றாள். "நல்லா வச்சுக்கிறேன்."